அமெரிக்க அரசு ஏன் அடிக்கடி முடங்குகிறது? கேள்விகளும் பதில்களும்

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாட்கள், அமெரிக்க மத்திய அரசின் பல துறைகள் முடங்கிக் கிடந்தன. அதற்கு முன் அந்த நாட்டில் இவ்வளவு நீண்ட முடக்கம் வந்ததில்லை. உலகிலேயே பெரிய பொருளாதாரம், சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நிற்பது எப்படி என்று அப்போது பலரும் கேட்டார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நடுநடுவே என் கருத்தும் வரும்.

முடக்கம் என்றால் அரசாங்கமே நின்றுவிடுமா?

இல்லை. அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் காங்கிரஸ் (செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரண்டு சபைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றம்) 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களை நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால், பழைய அளவிலேயே சில வாரங்களோ மாதங்களோ செலவு செய்துகொள்ள ஒரு தற்காலிக மசோதாவையாவது நிறைவேற்ற வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால், எந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கப்படவில்லையோ அந்தத் துறை கதவைச் சாத்துகிறது.

எல்லா மசோதாக்களும் நேரத்துக்கு நிறைவேறுவது அபூர்வம். கடைசியாக அப்படி நடந்தது 1996இல். அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் தற்காலிக மசோதாவில்தான் வண்டி ஓடுகிறது.

2024 நிதியாண்டில் அமெரிக்க அரசின் மொத்தச் செலவு ஏறத்தாழ 6.75 லட்சம் கோடி டாலர். இதில் நான்கில் மூன்று பங்குக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் தேவையில்லை. முதியோர் ஓய்வூதியம், மெடிகேர் மருத்துவக் காப்பீடு, கடனுக்கான வட்டி எல்லாம் நிரந்தரச் சட்டங்களின்படி போய்க்கொண்டிருக்கும். சண்டையெல்லாம் மீதிக் கால் பங்கைப் பற்றித்தான், அதிலும் ஏறக்குறைய பாதி ராணுவத்துக்கு. ஆனால் மக்கள் நேரில் பார்க்கிற அரசு பெரும்பாலும் அந்தக் கால் பங்குக்குள்தான் இருக்கிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, உணவுப் பாதுகாப்பு ஆய்வு, தேசியப் பூங்காக்கள், ஆராய்ச்சி நிலையங்கள், வரி அலுவலகம் எல்லாமே அதில் அடக்கம்.

கஜானாவில் பணம் இல்லாததால்தானே இது நடக்கிறது?

பணம் இருக்கிறது. அதை எடுக்க அனுமதிதான் இல்லை. சட்டம் இயற்றி ஒதுக்காமல் கஜானாவிலிருந்து ஒரு காசுகூட எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசமைப்பின் முதல் பிரிவு சொல்கிறது. அரசமைப்பை எழுதியவர்கள் இங்கிலாந்தின் வரலாறு தெரிந்தவர்கள். மன்னர் முதலாம் சார்லஸ் பார்லிமென்ட்டைக் கேட்காமல் வரி வசூலித்ததும், அது உள்நாட்டுப் போர் வரை போனதும் அவர்களுக்குத் தெரியும். படை அதிபர் கையில் இருக்கலாம், பணப்பை அவர் கையில் இருக்கக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள்.

அது நல்ல விதி. முடக்கத்துக்கு அந்த விதியைக் குறை சொல்வது சரியல்ல.

அந்த விதி 1780களிலேயே வந்துவிட்டதே. பிறகு ஏன் கடந்த 45 ஆண்டுகளாக மட்டும் முடக்கம்?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தவர்கள் அமெரிக்காவிலேயே குறைவு.

ஒதுக்கீடு இல்லாமல் அதிகாரிகள் செலவு செய்யக் கூடாது என்ற சட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் நெடுங்காலம் யாரும் அலுவலகத்தைப் பூட்டவில்லை. காங்கிரஸ் தாமதித்தால், எப்படியும் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் துறைகள் சிக்கனமாக வேலையைத் தொடர்ந்தன. 1977இல் கருக்கலைப்புக்கு அரசுப் பணம் தரலாமா என்ற சண்டையில் ஒதுக்கீடு மூன்று முறை அறுந்தது. அப்போதும் அலுவலகங்கள் திறந்தே இருந்தன.

1980இல் நிலைமை மாறியது. கார்ட்டர் ஆட்சியின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு சட்டக் கருத்து எழுதினார். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால், ஒதுக்கீடு முடிந்ததும் வேலையை நிறுத்தத்தான் வேண்டும், மீறினால் வழக்குத் தொடரப்படும் என்றார். மே 1 அன்று, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு நாள் மூடப்பட்டது. 1981 ஜனவரியில் எழுதிய இரண்டாவது கருத்தில் மனித உயிரையும் சொத்தையும் காக்கும் பணிகளுக்கு விலக்கு அளித்தார். இன்றும் யார் வேலைக்கு வர வேண்டும், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அந்த வழியில்தான் முடிவாகிறது.

எந்தத் தேர்தலிலும் மக்கள் இதைக் கேட்டு வாக்களிக்கவில்லை, எந்த நீதிமன்றமும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று கட்டளையிடவில்லை. ஒரு சட்ட அதிகாரியின் குறிப்பு, காங்கிரஸை ஒழுங்காக வேலை செய்ய வைக்கும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்தது, அரசியல் கட்சிகளின் கையில் பேரம் பேசும் ஆயுதமாகிவிட்டது. முதலில் ஒருநாள், இருநாள் என்று வந்தது. அதிபர் கிளின்டனும் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சும் மோதிய 1995 டிசம்பரில் 21 நாள், ஒபாமா காலத்தில் 2013இல் 16 நாள், டிரம்பின் முதல் ஆட்சியில் எல்லைச் சுவருக்காக 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள், அப்புறம் 2025இல் 43 நாள்.

2025இல் அதிபர் பதவி, செனட், பிரதிநிதிகள் சபை மூன்றும் குடியரசுக் கட்சியிடம்தானே இருந்தன? அவர்களே நிறைவேற்றிக்கொண்டிருக்கலாமே?

பிரதிநிதிகள் சபையில் செய்தார்கள். நவம்பர் 21 வரைக்குமான தற்காலிக மசோதாவை செப்டம்பர் 19 அன்று 217க்கு 212 என்ற கணக்கில் நிறைவேற்றினார்கள். மாட்டிக்கொண்டது செனட்டில்.

செனட்டின் 100 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 53. சாதாரணக் கணக்கில் அது போதும். ஆனால் செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் சம்மதிக்க வேண்டும். இந்தத் தடுப்பைத்தான் ஃபிலிபஸ்டர் என்கிறார்கள். அரசமைப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது, செனட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. 1917க்கு முன் நெடுங்காலம் விவாதத்தை முடிக்க வழியே இல்லை. அந்த ஆண்டு மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தார்கள், 1975இல் அதை 60 ஆகக் குறைத்தார்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை விழுந்தது. 2013இல் ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட், உச்ச நீதிமன்றம் தவிர்த்த மற்ற நியமனங்களுக்கு 51 போதும் என்றாக்கினார். 2017இல் குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அதையே செய்தார். சாதாரணச் சட்டங்களுக்கு மட்டும் 60 நிற்கிறது. 2025 முடக்கத்தின் நடுவில் இதையும் தூக்கிவிடுங்கள் என்று டிரம்ப் வெளிப்படையாகவே கேட்டார். செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் ஜான் தூன் மறுத்துவிட்டார். நாளைக்கு எதிர்க்கட்சியாக உட்கார நேர்ந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு இரண்டு கட்சியிலும் பலருக்கு உண்டு.

60 தேவைப்படாத வழி ஒன்றும் இருக்கிறது. வரி, செலவு சம்பந்தப்பட்ட சில மசோதாக்களை ‘பட்ஜெட் சமரசம்’ என்ற தனி நடைமுறையில் 51 வாக்குகளில் நிறைவேற்றலாம். 2022இல் பைடனின் பெரிய சட்டமும், 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டமும் அப்படித்தான் வந்தன. இரண்டிலும் செனட் 50க்கு 50 என்று நின்றபோது துணை அதிபரின் வாக்கு முடிவைத் தீர்மானித்தது. ஆனால் ஆண்டுதோறும் வரும் 12 ஒதுக்கீட்டு மசோதாக்களுக்கு இந்த வழி கிடையாது.

2025இல் சண்டை எதைப் பற்றி?

மருத்துவக் காப்பீட்டுக்கான மானியம். வேலை செய்யும் இடத்தில் காப்பீடு கிடைக்காதவர்கள் ஒபாமாகேர் சந்தையில், அதாவது ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சந்தையில், காப்பீடு வாங்குகிறார்கள். கொரோனா காலத்தில், 2021இல், அவர்களுக்கான மானியத்தைக் கூட்டினார்கள், 2022இல் அதை 2025 இறுதி வரை நீட்டித்தார்கள். 2 கோடிக்கும் மேற்பட்டோர் இதன் பயனைப் பெற்றுவந்தார்கள். இந்த மானியத்தை நீட்டிக்காமல் எங்கள் வாக்கு கிடைக்காது என்று ஜனநாயகக் கட்சி நின்றது. முதலில் அரசைத் திறப்போம், பிறகு பேசுவோம் என்று குடியரசுக் கட்சி நின்றது. ஒரே மசோதா செனட்டில் திரும்பத் திரும்ப வாக்கெடுப்புக்கு வந்து திரும்பத் திரும்பத் தோற்றது.

கடைசியில் ஜனநாயகக் கட்சியில் 7 பேரும், அந்த அணியில் இருக்கும் சுயேச்சை ஆங்கஸ் கிங்கும் ஆதரவாக வாக்களித்தார்கள். நவம்பர் 10 அன்று செனட்டில் 60க்கு 40. நவம்பர் 12 அன்று பிரதிநிதிகள் சபையில் 222க்கு 209. அன்றிரவே டிரம்ப் கையெழுத்திட்டார். விவசாயம், முன்னாள் ராணுவத்தினர் நலன் போன்ற சிலவற்றுக்கு முழு ஆண்டுப் பணமும், மற்றவற்றுக்கு 2026 ஜனவரி 30 வரைக்கும் கிடைத்தது.

மானியம்? டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி மட்டும் கிடைத்தது. டிசம்பர் 11 அன்று அந்த வாக்கெடுப்பும் நடந்தது. ஆதரவு 51, எதிர்ப்பு 48. தேவை 60. கூடுதல் மானியம் டிசம்பர் 31 அன்று காலாவதியாகிவிட்டது. 43 நாள் முடக்கம் அந்த மானியத்தைக் காப்பாற்றவில்லை. 2013இல் ஒபாமாகேரை நிறுத்த முடக்கினார்கள், அது நிற்கவில்லை. 2018இல் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டு முடக்கினார்கள், கிடைத்தது 137.5 கோடி. முடக்கியவர் கேட்டதை வாங்கிக்கொண்டு போனதாகச் சொல்ல எனக்கு ஒரு உதாரணமும் தோன்றவில்லை.

யாருக்கு அடி விழுகிறது?

முதலில் அரசு ஊழியர்கள். 2018-19இல் ஏறத்தாழ 8 லட்சம் பேர். அதில் பாதிக்கும் மேல் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தவர்கள். விடுப்பில் அனுப்பப்பட்டவராவது வேறு ஏதாவது பார்க்கலாம், வேலைக்கு வந்தே ஆக வேண்டியவருக்கு அதற்கும் வழியில்லை. 2019இல் வந்த சட்டம் நின்றுபோன சம்பளத்தைப் பின்னால் தந்தாக வேண்டும் என்கிறது. சரி, ஆனால் வாடகையும் கார் தவணையும் அதுவரை காத்திருக்காது. சம்பளம் வாங்கும் மத்திய அரசு ஊழியர்கள் உணவு வங்கிகளின் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தச் சட்டமும் இல்லை. அரசுக் கட்டடங்களைச் சுத்தம் செய்பவர்கள், காவலாளிகள், கேன்டீனில் சமைப்பவர்கள். இவர்களுக்குப் போன சம்பளம் போனதுதான். ஒவ்வொரு முடக்கத்துக்குப் பிறகும் இவர்களுக்காக மசோதா வருகிறது, நிறைவேறுவதில்லை. இந்த விவகாரத்தில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான்.

2025இல் அடி ஏழைகள் வரை போனது. உணவு உதவித் திட்டமான ஸ்னாப்பில் அப்போது 4.2 கோடிப் பேர் இருந்தார்கள், ஏறக்குறைய எட்டு அமெரிக்கர்களில் ஒருவர். நவம்பர் மாத உதவி நேரத்துக்கு வரவில்லை. அவசர நிதியை எடுத்துக் கொடுங்கள் என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்ல, நிர்வாகம் உச்ச நீதிமன்றம் வரை போய் இடைக்காலத் தடை வாங்கியது. சில மாநிலங்களில் பணம் வந்தது, சிலவற்றில் வரவில்லை. பக்கத்து மாநிலத்துக்காரருக்குக் கார்டில் பணம் ஏறியிருக்கிறது, எனக்கு ஏறவில்லையே என்ற நிலையில் குடும்பங்கள் நின்றன.

விமானங்கள் தனிக் கதை. கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்து ஓய்ந்துபோக, நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க அரசே உத்தரவிட்டது. 2019 ஜனவரி 25 அன்றும் ஆள் பற்றாக்குறையால் நியூயார்க்கின் லாகார்டியாவில் விமானங்கள் தடைபட்டன, அன்றே முடக்கமும் முடிவுக்கு வந்தது. ஏழையின் தட்டு காலியாவதைவிட விமானம் தாமதமாவது வாஷிங்டனுக்குச் சீக்கிரம் கேட்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. 2025 அக்டோபர் மாதத்துக்கான வேலையின்மை விகிதம் அமெரிக்காவிடம் இல்லை. வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பு அந்த மாதம் நடக்கவே இல்லை. 1948 முதல் மாதம் தவறாமல் வந்த வரிசையில் அந்த ஒரு இடம் காலி. பொருளாதார இழப்பைப் பொறுத்தவரை, ஆறு வாரம் நீடித்தால் 1,100 கோடி டாலர் நிரந்தரமாகப் போய்விடும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் முன்கூட்டியே மதிப்பிட்டிருந்தது.

காங்கிரஸ் உறுப்பினர்களுக்குச் சம்பளம் உண்டா?

உண்டு. ஆண்டுக்கு 1,74,000 டாலர், தடையில்லாமல். அவர்கள் சம்பளம் ஆண்டு ஒதுக்கீட்டில் வருவதில்லை. அதிபருக்கும் அப்படியே. சிலர் அந்த நாட்களின் சம்பளத்தை வாங்க மறுத்தார்கள், தானமாகக் கொடுத்தார்கள். அது அவரவர் விருப்பம்.

எச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு என்ன பாதிப்பு?

குடியேற்றத் துறை விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவதால் அது பெரும்பாலும் திறந்தே இருக்கும். சென்னை உள்ளிட்ட தூதரகங்களின் விசாப் பணியும் அப்படித்தான். சிக்கல் வேறு இடத்தில். புதிய எச்1பி மனுவுக்கும், வேலை மாறும்போதும், தொழிலாளர் துறை சான்றளித்த சம்பளம் பற்றிய ஒரு படிவம் வேண்டும். அந்தத் துறைக்கு ஒதுக்கீடு நின்றுபோனதால், 2025 அக்டோபரில் பெரும்பாலான நாட்கள் அந்தப் படிவத்துக்கான இணையதளமே இயங்கவில்லை. கிரீன் கார்டின் முதல் கட்டமான பெர்ம் விண்ணப்பமும் அங்கேதான் போகிறது, அதுவும் நின்றது. விசா முடியும் தேதி நெருங்கியவர்களுக்கும், வேலை போய் 60 நாள் கெடுவுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டியவர்களுக்கும் இது தூக்கம் கெடுக்கும் விஷயம். செப்டம்பர் இறுதியில் மாற்றம் ஏதாவது திட்டமிருந்தால், அந்தப் படிவத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

முடக்கத்தின்போது பிரதிநிதிகள் சபையே கூடவில்லை என்கிறார்களே?

உண்மை. செப்டம்பர் 19க்குப் பிறகு நவம்பர் 12 வரை சபை வாக்கெடுப்புக்குக் கூடவில்லை. நாங்கள் மசோதா அனுப்பிவிட்டோம், இனி செனட்டின் வேலை என்பது சபாநாயகர் மைக் ஜான்சனின் வாதம்.

இதற்கிடையில் செப்டம்பர் 23 அன்று அரிசோனா இடைத்தேர்தலில் அடெலிட்டா கிரிஹால்வா வென்றார். சபை கூடவில்லை என்று சொல்லி அவருக்கு ஏழு வாரம் பதவிப் பிரமாணம் செய்துவைக்கவில்லை. பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீனின் வழக்கு ஆவணங்களை வெளியிடக் கோரும் மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் மனுவுக்கு 218 கையெழுத்து தேவைப்பட்டது, அப்போது இருந்தது 217. நவம்பர் 12 அன்று பதவியேற்ற கையோடு அவர் 218ஆவது கையெழுத்தைப் போட்டார். ஆறே நாளில் அந்த மசோதா சபையில் 427க்கு 1 என்று நிறைவேறியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார் சபாநாயகர். ஒரு தொகுதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவரை ஏழு வாரம் வெளியே நிறுத்தியதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது என்பது என் கருத்து.

கடன் உச்சவரம்புச் சண்டையும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. அரசு மொத்தம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்று சட்டம் வைத்திருக்கும் எல்லைதான் கடன் உச்சவரம்பு. மளிகைக் கடையில் இந்த மாதம் சாமான் வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை போடுவது முடக்கம். போன மாதம் வாங்கிய சாமானுக்குப் பாக்கியைத் தரமாட்டேன் என்பது கடன் உச்சவரம்புச் சண்டை. இரண்டாவதுதான் மிக ஆபத்து, ஏனென்றால் உலகமே அமெரிக்கக் கடன் பத்திரங்களைப் பாதுகாப்பானவை என்று நம்பிப் பணம் போட்டிருக்கிறது. 2011இல் அந்தச் சண்டையின் முடிவில் எஸ்&பி என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் அமெரிக்காவின் கடன் மதிப்பீட்டை முதன்முறையாகக் குறைத்தது. 2025 ஜூலைச் சட்டம் வரம்பை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்திவிட்டதால் இப்போதைக்கு அது பின்னணிக்குப் போயிருக்கிறது.

காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை அதிபர் செலவு செய்யாமல் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியாது என்றுதான் சட்டம் சொல்கிறது. முடக்கத்தைவிட இதுதான் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன், ஆனால் இதற்குத் தலைப்புச் செய்தி குறைவு.

நிக்சன் தனக்குப் பிடிக்காத திட்டங்களின் பணத்தைத் தர மறுத்தார். தண்ணீர் மாசைத் தடுக்க நகரங்களுக்கு ஒதுக்கிய பணமும் அதில் ஒன்று. நியூயார்க் நகரம் வழக்குப் போட்டது, 1975இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1974இல், காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டுவிட்டது. ஒதுக்கீட்டை ரத்து செய்ய விரும்பினால் அதிபர் காங்கிரஸிடம் கேட்க வேண்டும். காங்கிரஸ் கூடியிருக்கும் 45 நாட்களுக்குள் இரு சபையும் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும். ஒப்புக்கொள்ள சாதாரணப் பெரும்பான்மை போதும்.

2025இல் டிரம்ப் நிர்வாகம் இந்தச் சட்டத்தை இரண்டு விதமாகப் பயன்படுத்தியது. முறைப்படி கேட்டு, ஜூலையில் வெளிநாட்டு உதவியிலும் பொது ஒலிபரப்பிலும் ஏறத்தாழ 900 கோடி டாலரை ரத்து செய்ய ஒப்புதல் வாங்கியது. பிடிக்கிறதோ இல்லையோ, அது சட்டப்படி நடந்தது. ஆகஸ்ட் இறுதியில் நடந்தது வேறு. 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யும் கோரிக்கையை அப்போது அனுப்பினார்கள். 45 நாள் முடிவதற்குள் செப்டம்பர் 30 வந்துவிடும், நிதியாண்டோடு பணமும் காலாவதியாகிவிடும். காங்கிரஸ் வாயே திறக்காவிட்டாலும் பணம் செத்துவிடுகிறது. ஏறக்குறைய 50 ஆண்டுகளாக எந்த அதிபரும் கையாளாத உத்தி இது. காங்கிரஸின் தணிக்கை அமைப்பு இதைச் சட்டவிரோதம் என்றது. செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவில், ஏறத்தாழ 400 கோடி டாலரை நிர்வாகம் நிறுத்திவைக்க அனுமதித்தது.

ஐந்தே நாளில் முடக்கம் தொடங்கியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டு மசோதாவுக்கு 60 வாக்கு வேண்டும் என்றால், எதிர்க்கட்சியோடு பேரம் பேசி, உனக்கு இது, எனக்கு அது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு உன் பங்கை மட்டும் 51 வாக்கில் ரத்து செய்வேன், அல்லது வாக்கே இல்லாமல் காலாவதியாக்குவேன் என்றால், எதிர்க்கட்சி எதை நம்பிக் கை நீட்டும்? மருத்துவ மானியம் வெளியே தெரிந்த காரணம். அடியில் இருந்தது இந்த நம்பிக்கை முறிவு. அதைச் சரிசெய்யாமல் எத்தனை தற்காலிக மசோதா போட்டாலும் அடுத்த கெடு தேதியில் இதே இடத்தில்தான் நிற்பார்கள்.

முடக்கத்தில் ராணுவ வீரர்களுக்கு டிரம்ப் சம்பளம் கொடுக்க வைத்தாரே, அது நல்லதுதானே?

வீரர்களுக்குச் சம்பளம் கிடைத்தது நல்லது. கிடைத்த வழிதான் கவலை. ஆராய்ச்சிக்கு ஒதுக்கிச் செலவாகாமல் இருந்த பணத்தை அக்டோபர் 15 சம்பளத்துக்குத் திருப்பினார்கள். ஒன்றுக்கு ஒதுக்கியதை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது என்பது காங்கிரஸின் பணப்பை அதிகாரத்தின் அடிப்படை. வீரர்களுக்குச் சம்பளம் தராதே என்று யாரும் எதிர்த்துப் பேச முடியாது, அதனால் யாரும் பேசவில்லை. 2019 பிப்ரவரியிலும் சுவருக்குப் பணம் தர காங்கிரஸ் மறுத்த பிறகு, தேசிய அவசரநிலை அறிவித்து ராணுவக் கட்டுமானப் பணத்தை எடுத்தார். யாரும் எதிர்க்க முடியாத தேவைக்காக இன்று திறந்த வழியை, நாளை எதிர்க்க வேண்டிய தேவைக்கும் பயன்படுத்துவார்கள். எந்தக் கட்சி அதிபராக இருந்தாலும் இதையே சொல்வேன்.

மற்ற நாடுகளில் இப்படி நடப்பதில்லையே?

இந்தியா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் பட்ஜெட் தோற்றால் அரசே கவிழ்கிறது, தேர்தல் வருகிறது. அதுவரைக்கும் செலவுக்கு இடைக்கால ஏற்பாடு இருக்கும். 1975இல் ஆஸ்திரேலியாவில் செனட் பணத்தை நிறுத்தியது. நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல், பிரதமர் விட்லமையே பதவி நீக்கினார், அன்றே பணம் அனுமதிக்கப்பட்டது, அடுத்த மாதம் தேர்தல். கசப்பான முடிவுதான், ஆனால் முடிவை மக்களிடம் கொண்டுபோய் விட்டார்கள். அமெரிக்காவில் தேர்தல் தேதிகள் மாறாதவை. இரு தரப்பும் அடுத்த தேர்தல் வரை அப்படியே முறைத்துக்கொண்டு நிற்கலாம்.

தீர்வு இல்லையா?

இருக்கிறது, பல காலமாகப் பேசுகிறார்கள். ஒதுக்கீடு தவறினால் பழைய அளவு தானாகவே தொடரும் என்று ஒரு சட்டம் போட்டால் போதும். விஸ்கான்சின் மாநிலத்தில் இப்படித்தான். அங்கே பட்ஜெட் தாமதமானால் பழைய பட்ஜெட் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு எதிரான வாதத்திலும் உண்மை இருக்கிறது. தானாகவே பணம் போகும் என்றால் காங்கிரஸ் புதிய ஒதுக்கீடே செய்யாமல் சோம்பிவிடும், எதையும் மாற்ற விரும்பாதவருக்குத்தான் லாபம். குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டும் ஜனநாயகக் கட்சியின் மேகி ஹாசனும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா இதற்கு ஒரு வழி சொல்கிறது. 14 நாள், 14 நாளாகப் பணம் தானாக நீளும். அதுவரை உறுப்பினர்கள் வாஷிங்டனை விட்டு நகரக் கூடாது, பயணப்படி கிடையாது, வேறு மசோதாக்களைப் பெரும்பாலும் எடுக்கக் கூடாது. துப்புரவுத் தொழிலாளியின் சம்பளத்துக்குப் பதிலாக உறுப்பினரின் வார இறுதியைப் பணயம் வைப்பது எவ்வளவோ மேல். நான் இதற்கு முழு ஆதரவு. இரு கட்சியிலும் ஆதரவாளர்கள் இருந்தும் இது இன்னும் சட்டமாகவில்லை, ஏனென்றால் ஆயுதத்தைக் கீழே போட எந்தத் தலைமையும் முன்வரவில்லை.

அடுத்தது வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிவி விவாதங்களைவிட சில தேதிகளையும் எண்களையும் பாருங்கள். செப்டம்பர் 30தான் வழக்கமான கெடு. தற்காலிகச் சட்டம் ஓடிக்கொண்டிருந்தால் அதில் எழுதியிருக்கும் தேதி. ஆகஸ்ட் விடுமுறைக்கு முன் 12 மசோதாக்களில் எத்தனை இரு சபையிலும் நிறைவேறின என்று பாருங்கள். நிறைவேறிய மசோதாவின் கீழ் வரும் துறைகள் முடக்கத்திலும் திறந்திருக்கும். செனட்டில் ஆளும் கட்சிக்கு 60க்கு எத்தனை குறைகிறது, அந்த இடைவெளியை நிரப்ப எதிர்த்தரப்பில் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அடுத்தது. ஆகஸ்ட் இறுதியில் வெள்ளை மாளிகையிலிருந்து ஒதுக்கீட்டை ரத்து செய்யும் கோரிக்கை ஏதாவது போகிறதா என்பதையும் கவனியுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒவ்வொரு துறையும் தன் முடக்கத் திட்டத்தை இணையத்தில் வெளியிடும். எத்தனை பேர் வேலைக்கு வருவார்கள், எந்தச் சேவை நிற்கும் என்பது அதில் விவரமாக இருக்கும். உங்கள் வேலையோ விசாவோ ஒரு துறையை நம்பியிருந்தால், செய்திகளுக்கு முன் அதைப் படியுங்கள்.